அறுவை மேசையில் தெரியும் வெள்ளைப் புள்ளி: கல்லீரலில் புற்றுநோய் போலத் தோன்றுபவை

“வயிற்றைத் திறந்தார்கள், ஈரல் முழுக்கப் பரவியிருந்தது, அப்படியே மூடிவிட்டார்கள்.” புற்றுநோய் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இப்படி ஒரு வரி வந்துவிடும். சொல்பவர் பெரும்பாலும் நேரில் பார்த்தவர் அல்ல. அறுவை அறைக்கு வெளியே நின்ற யாரோ கேட்டது, கைமாறிக் கைமாறிச் சுருங்கி வந்த செய்தி அது. பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். சில நேரம் மட்டும் அதற்குள் ஒரு பெரிய இடைவெளி இருக்கும்: கல்லீரலின்மேல் ஏதோ தெரிந்தது என்பதற்கும், அது புற்றுநோய்தான் என்று உறுதியானது என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி.

அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கல்லீரலில் புற்றுநோயே அல்லாத மாற்றங்கள் பல உண்டு. அவற்றில் சில, அனுபவமுள்ள அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும்கூடப் புற்றுநோயாகவே படும். ஏன் அப்படிப் படுகிறது, அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே அதை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனையை எதுவரை நம்பலாம் என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## முதலில் தோலைப் பாருங்கள்

உங்கள் கையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஒரு மச்சம் இருக்கும். எங்கோ ஒரு மரு, பழைய காயத்தின் தழும்பு, சிவப்பாக ஒரு சின்ன ரத்தப் புள்ளி, தோலுக்கடியில் உருளும் ஒரு கொழுப்புக் கட்டி, இப்படி ஏதாவது இருக்கும். எதைப் பார்த்தும் நாம் பதறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவை. ஒரு மச்சம் திடீரென நிறம் மாறினால், அளவு கூடினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுகிறோம். அவருக்கும் சந்தேகம் வந்தால் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்.

கல்லீரலும் அப்படித்தான். அதிலும் பிறவிக் குறிகள், தழும்புகள், ரத்தநாளக் கட்டிகள், நீர்ப்பைகள் இருக்கும். ஒரே வேறுபாடு, அதை யாரும் தினமும் பார்ப்பதில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போதோ, சிறு துளை வழியாகக் கேமராவை உள்ளே செலுத்தும்போதோதான் அது முதல்முறையாகக் கண்ணில் படுகிறது. தோலில் உள்ள மச்சத்துக்கு ஒரு முன்கதை உண்டு. “சின்ன வயதிலிருந்தே இருக்கிறது டாக்டர்” என்று சொல்லிவிடலாம். கல்லீரலில் உள்ள புள்ளிக்கு அப்படிச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. நேற்று வந்ததா, பிறக்கும்போதே வந்ததா என்று பார்த்த அந்தக் கணத்தில் தெரியாது.

## சந்தேகம் ஏன் முதலில் புற்றுநோய்மேல் விழுகிறது?

மருத்துவர்கள் வீணாகப் பயப்படுவதில்லை. கல்லீரலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

பெரும்பாலான உறுப்புகளுக்கு இதயத்திலிருந்து வரும் தமனி வழியாக மட்டுமே ரத்தம் வருகிறது. கல்லீரலுக்கு இரண்டு வழிகள். ஏறக்குறைய கால் பங்கு தமனி வழியாக வருகிறது. மீதி முக்கால் பங்கு குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் ஆகியவற்றைச் சுற்றிவிட்டு, கல்லீரல் வாயில் சிரை என்ற பெரிய குழாய் வழியாக வந்து சேருகிறது. குடல் உறிஞ்சிய சத்துகளைக் கல்லீரல் முதலில் கையாள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

இதே ஏற்பாடு புற்றுநோய்க்கும் வழி திறந்துவிடுகிறது. குடலிலோ கணையத்திலோ புற்றுநோய் இருந்தால், அதிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலக்கும் செல்கள் முதலில் சந்திக்கும் பெரிய உறுப்பு கல்லீரல்தான். அங்கே சிக்கி, ஒட்டி, வளரத் தொடங்கலாம். இப்படி ஓர் உறுப்பில் தொடங்கிய புற்றுநோய் வேறோர் உறுப்பில் போய் வளர்வதை மெட்டாஸ்டாசிஸ் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதைப் ‘பரவல் கட்டி’ என்று சொல்கிறேன். வயிற்றுக்குள் உள்ள புற்றுநோய்கள் பரவும் இடங்களில் கல்லீரலுக்கு முதன்மையான இடம் உண்டு.

ஆகவே கணையப் புற்றுநோய்க்காக அறுவை செய்யும் ஒருவர், வயிற்றைத் திறந்ததும், கணையத்தில் கத்தி வைக்கும் முன்பே கல்லீரலின் மேற்பரப்பைக் கண்ணால் பார்க்கிறார், கையால் தடவுகிறார். அங்கே வெள்ளையாக, கெட்டியாக, 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தட்டுப்பட்டால் அவர் வேலையை நிறுத்துகிறார். நிறுத்தத்தான் வேண்டும்.

“ஏற்கெனவே சிடி ஸ்கேன் எடுத்தோமே, அதில் ஏன் தெரியவில்லை?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான புள்ளிகளை சிடி சில நேரம் காட்டும், பல நேரம் காட்டாது. காட்டினாலும், ‘இன்னது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது’ என்று எழுதுவதைத் தவிர ஸ்கேன் பார்ப்பவருக்கு வேறு வழி இருக்காது. எம்ஆர்ஐ இன்னும் கொஞ்சம் துல்லியமானது. ஆனாலும் மேற்பரப்பில் உள்ள சில மில்லிமீட்டர் புள்ளி விஷயத்தில், நல்ல வெளிச்சத்தில் நேரடியாகப் பார்க்கும் கண்ணுக்கு ஈடாக எந்த ஸ்கேனும் இல்லை. ஆழத்தில் உள்ளவற்றுக்கு நிலைமை தலைகீழ். அங்கே கண் உதவாது. அறுவையின்போதே கல்லீரல்மீது நேரடியாக வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் உதவும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: கல்லீரலில் ‘மச்சங்கள்’ உண்டு, அவற்றுக்கு முன்கதை இல்லை, அவை இருக்கும் இடமோ புற்றுநோய் வந்து தங்கும் இடம். இந்த மூன்றும் சேர்வதால்தான் குழப்பம்.

## பித்தநாளங்கள் விட்டுச்சென்ற மிச்சம்

அறுவை மேசையில் பரவல் கட்டி என்று ஏமாற்றுபவற்றில் நான் அதிகம் பேச நினைப்பது ஒன்றைப் பற்றி. பித்தநாள ஹேமார்டோமா என்பது அதன் பெயர். ஓர் உறுப்புக்குரிய சாதாரணத் திசுக்களே, வரிசை மாறி, ஓரிடத்தில் கொத்தாகச் சேர்ந்திருப்பதை ஹேமார்டோமா என்பார்கள். செல்கள் கெட்டுப்போனவை அல்ல. அடுக்கிய விதம்தான் பிசகு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஹான்ஸ் ஃபான் மேயன்பர்க் 1918-ல் இதை விவரித்ததால், மருத்துவ அறிக்கைகளில் ‘ஃபான் மேயன்பர்க் காம்ப்ளெக்ஸ்’ என்றும் எழுதுவார்கள்.

இது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கல்லீரல் செய்யும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோக, கல்லீரலுக்குள் நுண்ணிய குழாய்கள் பரவியிருக்கின்றன. அவை பித்தநாளங்கள். கருவில் இவை முதலிலேயே குழாய்களாக உருவாவதில்லை. வாயில் சிரையின் கிளைகளைச் சுற்றி, இரண்டு அடுக்குச் செல்களால் ஆன உறையாகத் தொடங்குகின்றன. பிறகு அந்த உறையின் சில பகுதிகள் குழாயாக மாறுகின்றன. தேவையில்லாத பகுதிகள் கரைந்து மறைகின்றன. சில இடங்களில் மறைய வேண்டியது முழுதாக மறையாமல் தங்கிவிடும். விரிந்த சின்னச் சின்னக் குழாய்கள், அவற்றைச் சுற்றி நார்த்திசு என்று ஒரு சிறு கொத்தாக அது அங்கேயே இருந்துவிடுகிறது. அதுதான் பித்தநாள ஹேமார்டோமா. அதாவது, கல்லீரலின் மச்சம்.

இது அபூர்வமும் அல்ல. 2,843 பிரேதப் பரிசோதனைகளை அலசி 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு இது இருந்தது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நீர்ப்பைகள் உள்ள பரம்பரை நோய் இருப்பவர்களிடம் இன்னும் அதிகம். இது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லாமல், இருப்பதே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

சரி, பார்வைக்கு எப்படி இருக்கும்? வெள்ளையாக அல்லது சாம்பல் நிறத்தில், சில நேரம் லேசான பச்சை கலந்து, பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக. கல்லீரலின் மேலுறைக்குச் சற்றுக் கீழே, கையால் தடவினால் தட்டுப்படும்படி. பல நேரம் ஒன்றாக இல்லாமல், கல்லீரலின் இரு பக்கங்களிலும் சிதறிப் பலவாக.

கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். “ஒன்று என்றால் சாதாரணக் கட்டியாக இருக்கலாம், நிறைய இருந்தால் பரவியதுதான்” என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பரவல் கட்டிகளும் பலவாக வரும், இந்தப் பிறவி மிச்சமும் பலவாக இருக்கும். எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: பித்தநாள அடினோமா. சுரப்பிச் செல்கள் பெருகி உண்டாகும் தீங்கற்ற கட்டியை அடினோமா என்பார்கள். இது பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, மேலுறைக்கு அடியில், வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். அறுவை மேசையில் இதைப் பார்க்கும் யாருக்கும் பரவல் கட்டி நினைவு வரும்.

## இரண்டும் ஏன் வெள்ளையாக இருக்கின்றன?

ஆரோக்கியமான கல்லீரல் செம்பழுப்பு நிறம். நிறைய ரத்தமும் கல்லீரல் செல்களும் சேர்ந்த நிறம் அது. அங்கே வெள்ளையாக ஒன்று தெரிந்தால், அந்த இடத்தில் கல்லீரல் செல்களுக்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அந்த ‘வேறொன்று’ நார்த்திசு. தழும்பில் இருக்கும் அதே கெட்டியான, வெளிறிய திசு.

பித்தநாள ஹேமார்டோமாவில் குழாய்களைச் சுற்றி நார்த்திசு இருக்கிறது. பரவல் கட்டியிலும் இருக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் ஓரிடத்தில் புகுந்து வளரும்போது, சுற்றியுள்ள திசுவைத் தூண்டி நார்த்திசுவை உருவாக்கவைக்கின்றன. கணையப் புற்றுநோயில் இது மிக அதிகம். கட்டியின் பெரும்பகுதி நார்த்திசுவாகவே இருப்பதுண்டு. ஆக, கண்ணுக்குத் தெரியும் வெள்ளையும் கைக்குப் படும் கெட்டித்தன்மையும் புற்றுநோயின் அடையாளங்கள் அல்ல. நார்த்திசுவின் அடையாளங்கள். அந்த நார்த்திசு ஏன் வந்தது என்பதைக் கண்ணும் கையும் சொல்லாது.

சரி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உடனே தெரிந்துவிடுமா? இங்கேதான் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. குடல், இரைப்பை, கணையம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சுரப்பிச் செல்களில் தொடங்குபவை; அவற்றுக்கு அடினோகார்சினோமா என்று பெயர். சுரப்பிச் செல்கள் கெட்டுப்போன பிறகும் பழைய பழக்கத்தை முழுதாக விடுவதில்லை. கோணலாகவாவது குழாய்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே பரவல் கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நார்த்திசுவுக்கு நடுவே சிறு குழாய்கள். பித்தநாள ஹேமார்டோமாவைப் பார்த்தாலும் நார்த்திசுவுக்கு நடுவே சிறு குழாய்கள்!

ஒரே வெள்ளை நிறம், ஒரே கெட்டித்தன்மை, மேலோட்டமாக ஒரே உள்ளமைப்பு. இந்தக் குழப்பம் யாருடைய கவனக்குறைவாலும் வருவதல்ல.

## அறுவை நடக்கும்போதே ஒரு விடை

நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், வயிறு திறந்திருக்கிறது, அறுவையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கமான திசுப் பரிசோதனைக்கு, அதாவது பயாப்ஸிக்கு, குறைந்தது ஒரு நாளாவது ஆகும். திசுவை ஃபார்மலின் என்ற திரவத்தில் ஊறவைத்துப் பதப்படுத்த வேண்டும், நீரை நீக்க வேண்டும், மெழுகில் பதித்துக் கெட்டியாக்க வேண்டும், மெல்லியதாகச் சீவிச் சாயமேற்ற வேண்டும். அதுவரை வயிற்றைத் திறந்துவைத்துக் காத்திருக்க முடியாது.

அதற்காக வந்ததுதான் ஃப்ரோசன் செக்‌ஷன், அதாவது உறைதிசுப் பரிசோதனை. மெழுகுக்குப் பதிலாகக் குளிரைக் கொண்டு திசுவைக் கெட்டியாக்குகிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1905-ல் இதை அன்றாட அறுவையில் பயன்படும் முறையாக வடிவமைத்தார். நோயாளி மேசையில் இருக்கும்போதே கட்டி புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியுமா என்று அங்கிருந்த அறுவை மருத்துவர் வில்லியம் மேயோ கேட்டதே அதற்குத் தூண்டுதல். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றுவரை இந்தப் பரிசோதனையின் முக்கியமான வேலை.

நடப்பது இதுதான். அறுவை மருத்துவர் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள கொஞ்சம் கல்லீரலோடு சேர்த்து வெட்டி எடுக்கிறார். மின்சூட்டால் வெட்டும் கருவி திசுவின் ஓரத்தைப் பொசுக்கிச் செல்களின் வடிவத்தைக் குலைத்துவிடும். சில மில்லிமீட்டரே உள்ள புள்ளியில் அது பெரிய இழப்பு. அதனால் கூர்மையான கத்தியால் எடுப்பதே நல்லது. எடுத்த திசு உடனே நோய்க்குறியியல் மருத்துவரிடம் போகிறது. அவரைத்தான் பேத்தாலஜிஸ்ட் என்று சொல்கிறோம். ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கும் கருவியில் திசுவை உறையவைத்து, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார். பொதுவாக 20 நிமிடத்தில் அறுவை அறைக்கு விடை போய்விடும்.

அந்த 20 நிமிடத்தில் அவர் எதைத் தேடுகிறார்?

முதலில் அடுக்கு. ஹேமார்டோமாவில் குழாய்கள் ஓர் எல்லைக்குள் கொத்தாக, ஒழுங்காக அமைந்திருக்கும். புற்றுநோயில் அந்த ஒழுங்கு இருக்காது; குழாய்கள் தாறுமாறாகச் சிதறி, பக்கத்துக் கல்லீரலுக்குள் ஊடுருவியிருக்கும். அடுத்து உட்கரு, அதாவது செல்லின் மையத்தில் மரபணுவைத் தாங்கியிருக்கும் பகுதி. தீங்கற்றவற்றில் உட்கருக்கள் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வடிவம். புற்றுநோயில் ஒரே குழாயின் சுவரிலேயே பெரியதும் சிறியதும் கோணலானதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிறகு, செல்கள் வேகமாகப் பிரியும் அடையாளம் உண்டா, இறந்த செல்களின் குப்பை உண்டா என்று பார்ப்பார். குழாய்க்குள் பித்தநீர் தேங்கியிருந்தால் அது ஹேமார்டோமா பக்கம் சாய்க்கும் நல்ல துப்பு. இந்தக் குழாய்கள் பித்தநாளத்தின் உறவு என்பதற்கு அது சாட்சி.

இவற்றில் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பு அல்ல. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருகிறார். ஏற்கெனவே அந்த நோயாளியின் கணையத்திலோ குடலிலோ எடுத்த பயாப்ஸியின் கண்ணாடித் தகடு கையில் இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது பெரிய உதவி.

## அந்த 20 நிமிட விடையின் எல்லை

உறைதிசுப் பரிசோதனை அருமையான கருவி. ஆனால் அது அவசரக் கருவி. திசுவில் நீர் நிறைய இருக்கிறது. உறையும்போது அது பனிப்படிகங்களாகிச் செல்களைக் கிழிக்கிறது, உட்கருவின் தோற்றத்தை மாற்றுகிறது. உட்கருவின் அளவையும் வடிவத்தையும் வைத்துத்தானே முடிவு சொல்ல வேண்டும்! கொழுப்பு மிகுந்த கல்லீரலாக இருந்தால் சரியாக உறையாது, சீவுவதும் கடினம். எடுத்த துண்டு மிகச் சிறியது என்றால் உள்ளே இருக்கும் ஒழுங்கோ ஒழுங்கின்மையோ முழுதாகத் தெரியாது.

அதனால் சில நேரம் நோய்க்குறியியல் மருத்துவர் “இப்போது சொல்ல முடியாது, இறுதி அறிக்கை வரட்டும்” என்று பதில் அனுப்புவார். இதைக் கேட்டு எரிச்சலடையும் குடும்பங்கள் உண்டு. என் கருத்து, நேர்மையான பதில்களில் அதுவும் ஒன்று. தெளிவில்லாத ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் ஆபத்து.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. தீங்கற்ற புள்ளியைப் பரவல் கட்டி என்று சொல்லிவிட்டால், குணமாக்க வாய்ப்பிருந்த அறுவை கைவிடப்படலாம். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோய்க்குச் செய்யும் பெரிய அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலன் விப்பிள் 1935-ல் வெளியிட்டதால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் அறுவை அது. கல்லீரலில் பரவியிருந்தால் அதைப் பொதுவாகத் தொடர மாட்டார்கள்; பரவிய பிறகு அவ்வளவு பெரிய அறுவையால் நோயாளிக்குச் சிரமம்தான் மிஞ்சும், பலன் இராது. அந்த முடிவு ஒரு 4 மில்லிமீட்டர் ஹேமார்டோமாவால் எடுக்கப்பட்டால் எவ்வளவு பெரிய இழப்பு! மறுபக்கம், உண்மையான பரவலைத் தீங்கற்றது என்று விட்டுவிட்டால், பலன் தராத அறுவையை நோயாளி தாங்க வேண்டிவரும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தாலும், எண்ணிக்கையும் இடமும் ஒத்துவந்தால் அந்தக் கட்டிகளையும் வெட்டி எடுத்துவிடுவதுண்டு. ‘கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அங்கே பொருந்தாது.

இந்தப் பகுதியின் சாரம்: அறுவை நடக்கும்போது கிடைப்பது முதல் விடை. மெழுகில் பதித்து, தேவைப்பட்டால் சிறப்புச் சாயங்களும் போட்டுப் பார்த்தபின் சில நாளில் வருவது இறுதி விடை. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் செல்லுபடியாவது இரண்டாவது.

## ஏமாற்றும் மற்றவை

கல்லீரலின் தீங்கற்ற கட்டிகளில் மிகப் பரவலானது ஹெமாஞ்சியோமா. ரத்தநாளங்கள் விரிந்து பின்னிக் கிடக்கும் கொத்து. தோலில் தெரியும் சிவப்பு ரத்தப் புள்ளியின் கல்லீரல் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான ஹெமாஞ்சியோமா அறுவையில் அவ்வளவாக ஏமாற்றாது. ஊதா கலந்த சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் ரத்தம் வெளியேறித் தளரும், விட்டால் மீண்டும் நிறையும். நாளடைவில் அதற்குள் ரத்தம் உறைந்து, நார்த்திசு படிந்து இறுகிவிட்டால்தான் சிக்கல். அப்போது வெள்ளையாகக் கெட்டியாகிவிடும். ஸ்கேனிலும் தன் வழக்கமான தோற்றத்தை இழந்துவிடும். இறுகிய ஹெமாஞ்சியோமாவைப் பரவல் கட்டி என்று எண்ணி வெட்டி எடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பல பதிவாகியுள்ளன.

கிரானுலோமா என்பது இன்னொரு பெரிய ஏமாற்றுக்காரர். உடல் எளிதில் அழிக்க முடியாத ஒன்றைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் வளையமிட்டு அடைத்துவைக்கும் சிறு முடிச்சு அது. காசநோய்தான் இதற்கு நன்கு அறியப்பட்ட காரணம். பூஞ்சைத் தொற்று, ஒட்டுண்ணிகள், சார்காய்டோசிஸ் போன்ற அழற்சி நோய்களும் உண்டு. காசநோய் வயிற்றுக்குள் பரவினால் கல்லீரலிலும் வயிற்றின் உள்சுவரிலும் சிறுசிறு வெள்ளை முடிச்சுகள் நிறைந்து, பார்க்கப் பரவிய புற்றுநோய் போலவே இருக்கும். வித்தியாசத்தின் விலையை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு மாத்திரைகளால் குணம் உண்டு. அதனால்தான் வயிறு முழுக்க வெள்ளை முடிச்சுகள் தெரிந்தாலும், ஒரு துண்டாவது எடுத்துச் சோதிக்காமல் யாரும் வயிற்றை மூடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

குவிய முடிச்சுப் பெருக்கம் என்ற ஒன்று பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. கல்லீரலுக்குள் ஓரிடத்தில் இயல்பு மீறிய தமனி ஒன்று இருந்து, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ரத்தம் போவதால் அங்குள்ள கல்லீரல் திசு மிகையாக வளர்ந்து முடிச்சாகிறது. நடுவில் நட்சத்திர வடிவத் தழும்பு இருப்பது இதன் அடையாளம். இது புற்றுநோயாக மாறுவதில்லை. கல்லீரல் அடினோமா இதிலிருந்து வேறுபட்டது. கருத்தடை மாத்திரைகளோடு இதற்குள்ள தொடர்பு 1970-களில் தெரியவந்தது. தீங்கற்றதுதான், ஆனாலும் அலட்சியம் கூடாது. பெரியதானால் ரத்தம் கசியலாம், சிறு விகிதத்தில் புற்றுநோயாகவும் மாறலாம். 5 சென்டிமீட்டரைத் தாண்டியதையும், ஆண்களிடம் காணப்படுவதையும் எடுத்துவிடவே பரிந்துரைப்பார்கள்.

இன்னும் சில உண்டு. ஓரிடத்தில் மட்டும் கொழுப்புப் படிந்து வெளிறித் தெரியும் திட்டு, மேலுறையில் உள்ள பழைய தழும்பு, நீர்ப்பை. கல்லீரல் சுருக்க நோயான சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரலே முடிச்சுகளால் ஆனதாகிவிடும். அவற்றுக்கு நடுவே ஒரு முடிச்சு மட்டும் புற்றுநோயா என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. கீமோதெரபி எடுத்துக்கொண்டவர்களின் கல்லீரலிலும் மருந்தின் விளைவாக முடிச்சுகளும் நிறமாற்றங்களும் வரலாம்.

## ரத்தப் பரிசோதனை தீர்த்துவைக்காதா?

‘கேன்சர் மார்க்கர்’ எனப்படும் ரத்தப் பரிசோதனைகளைப் பலர் நம்புகிறார்கள். புற்றுநோய் இருக்கும்போது ரத்தத்தில் கூடக்கூடிய சில பொருள்களை அளப்பவை அவை. துப்பாக உதவும், தீர்ப்பாக அல்ல. கணையப் புற்றுநோயில் பார்க்கும் சிஏ 19-9 என்ற அளவு, பித்தநாளம் கல்லால் அடைபட்டாலே ஏறிவிடும். மேலும், ஒருவருக்குக் கணையத்தில் புற்றுநோயும் கல்லீரலில் பிறவி ஹேமார்டோமாவும் சேர்ந்தே இருக்கலாம். மார்க்கர் ஏறியிருப்பது கணையத்துக்காக. கல்லீரல் புள்ளியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

## குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

அறுவை முடிந்து மருத்துவர் வெளியே வந்து “கல்லீரலில் ஏதோ இருந்தது” என்று சொல்லும்போது யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். அந்தச் சமயத்தில் எல்லாவற்றையும் கேட்க வராது. அடுத்த நாளாவது கேளுங்கள்: அதிலிருந்து துண்டு எடுத்தீர்களா? உறைதிசுப் பரிசோதனை செய்தீர்களா, என்ன பதில் வந்தது? இறுதி அறிக்கை எப்போது வரும்? அதை முதல் கட்டியின் பயாப்ஸியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால் அதில் இந்தப் புள்ளி இருந்ததா? இவை மருத்துவரைச் சந்தேகிக்கும் கேள்விகள் அல்ல. நல்ல மருத்துவர் இவற்றுக்கு மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார்.

பழைய ஸ்கேன் பற்றிய கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கல்லீரல் மச்சத்துக்கு முன்கதை கிடைக்க இருக்கும் ஒரே வழி அதுதான். 6 ஆண்டுக்கு முன் எடுத்த எம்ஆர்ஐயில் அதே இடத்தில் அதே அளவில் இருந்திருந்தால், அது பெரிய நிம்மதி.

இறுதி அறிக்கையில் ‘பித்தநாள ஹேமார்டோமா’ என்று வந்தால், அதற்குச் சிகிச்சை தேவையில்லை. அதிலிருந்து புற்றுநோய் தோன்றியதாகப் பதிவானவை மிக அரிது. ஆனால் அந்த அறிக்கையின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வெட்டி எடுத்தது ஒன்றோ இரண்டோதான். மற்றப் புள்ளிகள் கல்லீரலிலேயே இருக்கும், அடுத்த ஸ்கேனில் மீண்டும் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் அவற்றைப் பரவல் என்று சந்தேகிப்பது இயல்பு. ஸ்கேன் எடுக்கும் முன்பே இந்த அறிக்கையையும் பழைய படங்களையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று மட்டும் அவர் தேடுவார்.